மூன்றாவது கூம்பு

கரமனை ஆற்றின் தெற்குக் கரையில் சிவதாணு பிள்ளை நடத்திவந்த பீங்கான் பட்டறைக்கு அக்கம்பக்கத்தில் பொம்மைக் கம்பெனி என்று பேர். கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினாலாம் ஆண்டு புரட்டாசியில் அங்கே ஒரு சூளை முழுவதும் பாழாய்ப் போயிற்று. உள்ளே வைத்தவை எல்லாம் தலையில் மீன்கூடை சுமந்த விழிஞ்ஞத்துக்காரிப் பொம்மைகள். நிமிர்ந்த கழுத்தோடு உள்ளே போனவர்கள், சூளையைத் திறந்தபோது முழங்கால் மடங்கி, கூடை தோளில் சரிய, பக்கத்திலிருப்பவள் மேல் சாய்ந்து ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு மண் கலக்கும் பூதலிங்கத்தைக் கூப்பிட்டார்.

தோன்னய்க்கலிலிருந்து வரும் வெள்ளைமண்ணும், வெள்ளாரங்கல் பொடியும், தீயில் உருகிப் பசையாகும் ஒரு பாறைப்பொடியும் சேர்ந்ததுதான் பீங்கான் மண். அந்தப் பாறைப்பொடி அளவுக்கு மேல் போனால் பொம்மை தீயில் இளகி விழும். பூதலிங்கம் ஒரு படி கூடுதலாகக் கொட்டியிருக்கிறான் என்று பிள்ளை முடிவு கட்டினார்.

"நான் போடல்ல முதலாளி. எண்ணித்தான் அளந்தேன்."

"பின்ன பொம்மை தானா மண்டியிட்டு ஜெபம் பண்ணிச்சாக்கும்? தீயில குத்தம் உண்டுமா ஓய் தாசையா?"

சூளைமேஸ்திரி தாசையன் தலையைக் குனிந்துகொண்டு, "தீ செரியாத்தான் இருந்தது முதலாளி" என்றான். அன்று மத்தியானமே பூதலிங்கம் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரை வழியாகப் போய்விட்டான்.

தாசையனின் மனைவி எலிசாளும் அங்கேதான் வேலை செய்தாள். பாறசாலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த வருஷமே வேலைக்குச் சேர்ந்தவள். பொம்மைகளுக்குக் கைகால் ஒட்டுவது அவள் பாடு. மண்கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அச்சின் உட்சுவரில் ஒரு தோல் பிடித்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். உடம்பு ஒரு அச்சிலும் கை வேறொன்றிலும் கூடை மற்றொன்றிலும் வரும். ஒட்டும் இடத்தை ஊசியால் கீறி, கூழைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பொருத்துவாள். உள்ளே அடைபட்ட காற்று சூளையில் வெடிக்காமலிருக்க யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு துளை குத்துவாள். தூக்கிய கைக்குக் கீழே அதே மண்ணில் செய்த முட்டுக் கொடுப்பாள். தீயில் பொம்மை ஆறில் ஒரு பங்கு சுருங்கும். முட்டும் கூடவே சுருங்கினால்தான் கை நிற்கும்.

ஐப்பசி பிறந்தது. கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் கொல்லத்து வியாபாரி ஒருமுறை பொறுத்துக்கொண்டான். இன்னொரு முறை பொறுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தான். இந்தச் சூளையும் போனால் கம்பெனியைப் பூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கே போய்விடுவேன் என்று பிள்ளை எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். எலிசாள் மறுபடியும் விழிஞ்ஞத்துக்காரிகளுக்குக் கை ஒட்ட உட்கார்ந்தாள். பொம்மைகளை ஒருமுறை இளந்தீயில் சுட்டு, பளபளப்புக் கூழில் முக்கி எடுத்து, பெரிய தீக்கு ஆயத்தமாக அடுக்கிவைத்தார்கள்.

சூளை பற்றவைப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் தாசையன் சாப்பிட வந்தான். கம்பெனி வளவிலேயே ஒற்றை அறையும் சாய்ப்புமாக அவர்களுக்கு வீடு. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கூட்டானும் வைத்திருந்தாள். அவன் மீனை விரலால் தடவித் தடவி முள் எடுத்தான். அந்த ஆள் அப்படிச் சாப்பிடுகிறவன் அல்ல.

"ஞாயிறு கோயிலுக்கு உடுக்க இந்த வேட்டியா வச்சிருக்கே?" என்று கொடியைப் பார்த்துக் கேட்டான். "சவக்காரம் போடல்லியா? மஞ்சளாக் கெடக்கே."

எலிசாள் கொடியைப் பார்த்தாள். இரண்டு தடவை நீலம் போட்டுக் காயவைத்த வேட்டி. வெயிலில் பார்க்கவே கண் கூசியது.

கிழக்கே இடி உருண்டது. மழைக்கு முன்னால் காய்ந்த தொண்டு எடுத்துப் போடலாம் என்று வீட்டுக்குப் பின்னால் போனாள். தேங்காய்த்தொண்டுக் குவியலின் அடியில் கையை விட்டபோது கனமாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள்.

உள்ளங்கை நீளத்தில் ஒரு மண்திண்டு. அதன்மேல் மூன்று கூம்புகள் உருகி, ஒன்றோடொன்று கலந்து, மெழுகுபோல வழிந்து உறைந்திருந்தன.

சூளைக்குள் பார்வைத்துளைக்கு நேராக வைக்கிற கூம்புகள் அவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் வளையும். மதராஸிலிருந்து பெட்டியில் வரும். "ஒண்ணாவது குனிஞ்சா ஒருங்கி நில்லு, ரெண்டாவது குனிஞ்சா தீய நிறுத்து, மூணாவது குனிஞ்சா குத்தியிருந்து அழு" என்று தாசையன் எப்போதும் வேடிக்கையாகச் சொல்வான். அவற்றை நட்டுவைக்கும் திண்டைப் பிடித்துக் கொடுப்பது எலிசாள்தான். திண்டின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் பதிந்த தடம் சூட்டில் இறுகி அப்படியே இருந்தது. புரட்டாசிச் சூளைக்குப் பிடித்துக் கொடுத்த திண்டு. சூளையைத் திறந்த அன்று, கூம்பு உடைந்து தூளாகிவிட்டது என்று பிள்ளையிடம் தாசையன் சொன்னதும் அவளுக்கு நினைவிருந்தது.

அதை அப்படியே கொண்டுபோய் அவன் எச்சில் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தாசையன் குனிந்து பார்த்தான். பிறகு கையால் தொட்டான். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான்.

"எப்பம் முதல் கண்ணு தெரியாம ஆச்சு?" என்றாள்.

"தெரியாம இல்ல. ஒரு பொகை போல. கொஞ்ச நாளுல மாறும்."

"எப்பம் முதல்னு கேட்டேன்."

"ஆடி முதலாக்கும்."

"அப்பம் பூதலிங்கம் அளந்த மண்ணுல ஒரு குத்தமும் இல்ல."

அவன் தட்டத்தை ஓரமாகத் தள்ளினான்.

"எட்டு வருஷம் ஒரு சட்டியில கஞ்சி குடிச்சியளே. அந்தப் பய ஒங்கள அண்ணாச்சீன்னு அல்லாம ஒருநாளும் விளிச்சதில்ல. அவன் படியெறங்கிப் போவும்பம் கையில இத வச்சிட்டா நின்னிய?"

"கையில இல்ல. அன்னைக்கு வெறகுக்கு எடையில வச்சிருந்தேன்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்குப் பட்டதுபோலிருந்தது. கையைக் கழுவாமலே சுவரில் சாய்ந்தான். "நீ கெடந்து கத்தாதே எலிசா. இருபது வருஷம் அந்தத் தொளையில கண்ண வச்சவன் நான். நீலக்கண்ணாடி வச்சுப் பாருன்னு அப்பவே எல்லாரும் பறஞ்சா. அது பயந்தாங்கொள்ளிக்கு உள்ளதுன்னு சிரிச்சேன். இப்பம் குருடன்னு தெரிஞ்சா ஆரு எனக்கு வேலை தருவா? இந்த வீடும் போவும்."

"முதலாளிகிட்ட சொல்லுங்க. சூளைக்கு முன்ன சொல்லுங்க."

"இந்த ஒரு சூளை. தீயிக்க சத்தம் கேட்டா போரும், எனக்கு அறியும். இது நல்லா வந்தா, நானே பறயுதேன். சத்தியமா."

அவள் உருகிக் கிடந்ததை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "போன தடவையும் சத்தம் கேட்டுத்தானே எரிச்சிய?"

மழை கொட்டத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றபோது அவளுக்கு வாய் திறக்கவில்லை. போய்ப் பிள்ளையிடம் சொன்னால் தாசையனுக்குச் சோறில்லை. சொல்லாவிட்டால் வேறொருவன் பேரில் பழி நிற்கிறது. இந்தச் சூளையும் போனால் எல்லார் அடுப்பும் அணையும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் யாரோ ஒருவர் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. புருஷன் தானாகச் சொல்வான் என்று திங்கட்கிழமை காலைவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சுடுமண் பெட்டிகளில் பொம்மைகளை வைத்து சூளைக்குள் தூண் தூணாக அடுக்கி, வாசலைச் செங்கல்லால் கட்டி, மண் பூசி, சாயங்காலம் தீ வைத்துவிட்டான்.

மறுநாள் பகல் முழுவதும் சூளை இரைந்தது. விறகுபோடும் நெய்யாற்றின்கரைக்காரர்கள் இரண்டு பேர் இடுப்பில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு மாறிமாறி வேலை செய்தார்கள். பிள்ளை ஒரு நாற்காலியைப் போட்டுக் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சூளை எரியும்போது பெண்கள் கொட்டகைக்குள் வரக்கூடாது என்று அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காரணம் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

மணி மூன்றிருக்கும். கிழக்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. எலிசாள் கஞ்சிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சூளைக்குப் போனாள்.

"ஏ பிள்ளே, அங்க எங்க போற?" என்றார் பிள்ளை.

"அவரு காலத்தே முதல் பச்சவெள்ளம் குடிக்கல்ல முதலாளி. கஞ்சி குடுத்திட்டு வாறேன்."

மழைக்குப் பயந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை கையை அசைத்துவிட்டார்.

தாசையன் பார்வைத்துளையின் செங்கல் மூடியை இழுத்துவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். நெருப்பு அவன் நெற்றியில் விழுந்தது. அவள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய நீலக்கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு அவள் அவன் தோளை ஒதுக்கித் துளைக்கு முன்னால் நின்றாள்.

முதலில் வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைச் சற்றுச் சாய்த்தபோது, வெள்ளைக்குள் வெள்ளையாய்ப் பெட்டிகளின் விளிம்பு தெரிந்தது. அதன் கீழே கூம்புகள். ஒன்றாவது முழுக்கப் படுத்துவிட்டது. இரண்டாவது வளைந்து நுனியால் திண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது நேராக நின்றது.

"ரெண்டாவது குனிஞ்சாச்சு" என்றாள் மெதுவாக. "தீய நிறுத்துங்க."

"நெறம் வரல்ல. மஞ்சளாக்கும் நிக்குது. இன்னும் ரெண்டு மணிக்கூறு எரியணும்."

"மஞ்சளில்ல. வெள்ளை. ஒங்களுக்கு வெள்ளை வேட்டியும் மஞ்சளு, வெள்ளைத் தீயும் மஞ்சளு."

"பைய பேசுட்டி. ஆளு நிக்குது." அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. மறுபடியும் துளையில் கண்ணை வைத்தான். வெகுநேரம் பார்த்தான். கண்ணீர் வழிந்து கன்னத்திலேயே காய்ந்தது. அவன் பார்க்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

விறகுக்காரன் ஒருவன் கைநிறையப் பிளந்த விறகோடு வந்து நின்றான். "போடட்டா மேஸ்திரி?"

தாசையன் தொண்டையைச் செருமினான். "போடு."

விறகு உள்ளே போனது. சூளை ஒருமுறை ஆழமாக மூச்சு வாங்கியது. புகைபோக்கியின் மேலே நாக்கு நீண்டது. எலிசாள் மறுபடியும் துளையில் பார்த்தாள். அதுவரை ஆணிபோல் நின்ற மூன்றாவது கூம்பின் நுனி, ஒரு மயிரிழை, பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

அந்தப் பெட்டிகளுக்குள் நிற்கிற ஒவ்வொருத்தியின் கையும் அவள் ஒட்டிய கை. இன்னும் கொஞ்ச நேரத்தில் முழங்கால் மடங்கும். அவள் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டு, அடுத்த சுமை விறகோடு வந்தவனுக்கும் சூளைவாய்க்கும் நடுவே போய் நின்றாள். முதுகு தீயில் பொரிந்தது.

"போடாதீங்க. இனி ஒரு கம்பு போடப்பிடாது."

"என்னட்டி கூத்து இது?" பிள்ளை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தார். "ஆரு ஒன்ன இங்க நிக்கச் சொன்னா? ஓய் தாசையா, ஒம்ம பெண்டாட்டிக்குப் பித்துப் புடிச்சிருக்கா?"

"கூம்பு ரெண்டு விழுந்தாச்சு முதலாளி. மூணாவதும் வளையுது. நான் கண்ணால கண்டேன்."

"கை ஒட்டுகவளுக்குத் தீயப் பத்தி என்ன தெரியும்? ஓய், நீரு சொல்லும். நிறுத்தணுமா, எரிக்கணுமா? இப்பம் பாதியில நிறுத்தி, மினுக்கம் வராமப் போச்சுன்னா அதும் நாசந்தான். சொல்லும்வே!"

முதல் மழைத்துளிகள் கொட்டகைத் தகரத்தில் சடசடவென்று விழுந்தன. விறகுக்காரர்கள் இருவரும் மேஸ்திரியின் வாயைப் பார்த்தார்கள். தாசையன் எலிசாளைப் பார்த்தான். தீக்கு முன்னால் அவனுக்கு அவள் ஒரு கறுத்த உருவமாகத்தான் தெரிந்திருப்பாள். அவள் சூளைவாயை விட்டு நகரவில்லை.

"நிறுத்துங்கடே" என்றான் தாசையன். "அவ பறஞ்சது செரியாக்கும். எனக்குத் தெரியல்ல முதலாளி."

"என்ன தெரியல்ல?"

"கண்ணு தெரியல்ல. கூம்பும் தெரியல்ல, நெறமும் தெரியல்ல. ஆடி முதல் இப்படியாக்கும்."

பிள்ளை விரலை மடக்கினார். ஆடிக்குப் பிறகு ஆவணி, அதன் பிறகு புரட்டாசி. அவர் மனத்துக்குள் மாதங்கள் நகர்வது முகத்தில் தெரிந்தது.

"அப்பம் போன சூளை?"

"அது நான் கெடுத்ததாக்கும். தீ ஏறிப்போச்சு. கூம்பு உருகிக் கெடந்தத எடுத்து ஒளிச்சு வச்சதும் நான்தான். பூதலிங்கம் தப்பு செய்யல்ல."

பிள்ளையின் கை ஓங்கியது. ஆனால் அது தாசையன் மேல் விழவில்லை. சூளைவாயைக் காட்டி அவர் கத்தினார்: "வாயப் பாத்துக்கிட்டு நிக்கியளே! அடைங்கலே சூளைய! மத்தது பெறவு!"

எல்லாரும் பாய்ந்தார்கள். செங்கல் வைத்து வாயை அடைத்து, குழைத்த மண்ணை அள்ளி அள்ளிப் பூசினார்கள். எலிசாளும் இரண்டு கையாலும் பூசினாள். மண் பூசப் பூசவே காய்ந்து வெடித்தது, மறுபடியும் பூசினாள். பிள்ளைகூட வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஒரு விரிசலை அப்பினார். வெளியே மழை ஆற்றோடு சேர்ந்து இரைந்தது. தாசையன் ஒருவன்தான் சும்மா நின்றான். எந்த விரிசல் எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை.

சூளை ஆற மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் பிள்ளை அவர்கள் வீட்டுப்பக்கம் திரும்பவில்லை. போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. எலிசாள் சட்டிபானைகளைக் கழுவி ஒரு மூலையில் சேர்த்துவைத்தாள். தாசையன் கொடுத்ததைத் தின்றான்.

"நீ அங்க வந்து நிக்கல்லேன்னா நான் பறஞ்சிருக்கமாட்டேன்" என்று ஒருமுறை சொன்னான்.

"அறியும்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசல் செங்கல்லைப் பிரித்தார்கள். முதல் பெட்டியைப் பிள்ளை தானே தூக்கி வெளியே வைத்து மூடியை எடுத்தார். ஆறு விழிஞ்ஞத்துக்காரிகள் பால்போல வெளுத்து, நிமிர்ந்து, ஒரு கையைக் கூடைக்குக் கொடுத்து நின்றார்கள். ஒருத்தியை எடுத்து விரலால் சுண்டினார். மணிபோல ஒலித்தது. பெட்டி பெட்டியாக அப்படியே வந்தது. சூளைவாயை ஒட்டிய வரிசையில் மட்டும் ஏழெட்டுப் பேர் லேசாகக் கழுத்து சாய்ந்திருந்தார்கள். கடைசியாகப் போட்ட அந்த ஒரு சுமை விறகின் வேலை அது. பிள்ளை அதைப் பார்த்தார், எலிசாளையும் பார்த்தார்.

சரக்கெல்லாம் வைக்கோல் பொதிந்து பெட்டியில் ஏறிய பிறகுதான் தாசையனைக் கூப்பிட்டார்.

"ஒம்மத் தொலைச்சுத் தலைமுழுகணும்னுதான் மூணு நாளும் நெனச்சேன். இவ மொகத்துக்காக விடுதேன். கண்ணாஸ்பத்திரியில போய் அறுத்திட்டு வாரும். தெளிஞ்சா பாப்போம். அதுவரைக்கும் சூளைப்பக்கம் ஒம்ம நெழலு விழப்பிடாது. எலிசா, அடுத்த சூளைக்கு நீ நின்னு கூம்பு பாரு. வீடு ஒனக்க பேருல இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பூதலிங்கம் சாலைக்கடையில மூடை தூக்கிட்டுக் கெடக்கானாம். ஆளு விட்டுச் சொல்லுதேன், வரட்டும்."

"ஆளு வேண்டாம் முதலாளி" என்றான் தாசையன். "நானே போறேன்."

சாலைக்கடைத்தெருவில் அன்று நல்ல நெரிசல். வெயிலிலிருந்து அரிசிமண்டிக்குள் நுழைந்ததும் தாசையனுக்கு எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டது. எலிசாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பூதலிங்கம் வண்டியிலிருந்து மூடையை முதுகில் வாங்கிக்கொண்டு வந்தான். இவர்களைக் கண்டதும் மூடையை இறக்கிவைத்தான். இளைத்திருந்தான். தோள்பட்டை உரிந்திருந்தது.

"எங்க நிக்கான்?" என்று தாசையன் கேட்டான்.

"முன்னாலதான். சொல்லுங்க."

தாசையன் சொன்னான். ஆடியிலிருந்து தொடங்கி, விறகுக்கிடையில் ஒளித்துவைத்ததுவரை எதையும் விடாமல் சொன்னான். மன்னிப்பு என்ற வார்த்தையைக் கொண்டுவந்தவன் போல ஒருமுறை வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டான். முதலாளி வரச்சொன்னார் என்று முடித்தான்.

பூதலிங்கம் மூடையின் தையலை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். தாசையன் எலிசாளின் பக்கம் குனிந்து, "அவன் என்ன செய்யுதான்? கோவமா நிக்கானா?" என்று கேட்டான். "மூடைத் தையலக் கீறுதான்" என்றாள்.

"நான் போடல்லேன்னு அன்னைக்கு முதலாளிகிட்ட சொன்னேன் அண்ணாச்சி" என்றான் பூதலிங்கம். குரல் உயரவில்லை. "வீட்டுல போய்ப் படுத்தா, போட்டிருப்பேனோன்னு தோணிச்சு. கண்ண மூடினா படியும் கையுமா வருது. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒருக்க எண்ணினா செரியா இருக்கு, மறுக்க எண்ணினா ஒண்ணு கூடுது. நீங்க வேற தீ செரியா இருந்ததுன்னு சொல்லிட்டிய. நீங்க பொய் சொல்லுவியன்னு எனக்குத் தோணவே இல்ல. பத்து நாளைக்கு முன்ன ஜெயலக்ஷ்மிகிட்ட, ஆமா, நான்தான் கூடப் போட்டேன், நம்ம கஞ்சியில நான்தான் மண்ணப் போட்டேன்னு சொல்லி அழுதேன். செய்யாததச் செஞ்சேன்னு சொல்லி, என் பெண்டாட்டி முன்னால..."

மண்டிக்காரர் உள்ளேயிருந்து கத்தினார். பூதலிங்கம் மூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். வண்டியில் மிச்சமிருந்த நாலு மூடையையும் இறக்கி முடிக்கும்வரை இந்தப் பக்கம் பார்க்கவில்லை. தாசையனும் எலிசாளும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

வேலை முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "வீட்டுக்கு வாருங்க" என்றான். "என்கிட்ட சொன்னா போராது. அவகிட்ட சொல்லணும்."

ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பூதலிங்கம் முன்னால் நடந்தான். வழியில் ஓடைக்கல்லில் தாசையனின் கால் இடறியபோதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எலிசாள்தான் பிடித்துக்கொண்டாள். சந்தில் வரிசையாக வாசல்கள், வாசல்தோறும் ஆட்கள். ஒருத்தி முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார்.

ஜெயலக்ஷ்மி நடையில் வந்து நின்றாள். புருஷன் வேலைநேரத்தில் வந்ததைக் கண்டு பயந்துபோனவள், பின்னால் நின்றவர்களைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

தாசையன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெளிவாகத் தெரியாமல், வாசலைப் பார்த்து, முணுமுணுப்பாகத் தொடங்கினான். "பூதலிங்கம் ஒண்ணும் செய்யல்லம்மா. போன சூளையில..."

அவள் ஒரு படி இறங்கி வந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாசையன் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள். "இந்தச் சந்துல இருக்க எல்லாருக்கும் கேக்கட்டும்."

பயறு புடைத்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். தாசையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை உயர்த்தி, முதலிலிருந்து சொன்னான்.